சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்க

வடக்குத்து கொளஞ்சிநாதன் நெய்வேலி சுரங்கத்தில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், "இதுக்குப் போய் ஒரு ஆளா?" என்று சிரிப்பார்கள். கரி ஏற்றிக்கொண்டு ஓடும் பெல்ட்டின் ஓரமாகவே நடந்து போவான். ஆங்காங்கே மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டர்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்ப்பான். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, பூட்டுகிற பின் இருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பான். பதினெட்டு வருஷமாகக் காண்ட்ராக்ட்தான். பெர்மனென்ட் இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் வேலையில் குறை வைக்க மாட்டான். கரித்தூள் எப்போது புகையும் என்று யாருக்கும் தெரியாது. புகைகிற நேரத்தில் சிலிண்டர் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு தரம் கண்ணால் பார்த்திருக்கிறான்.

அவனுக்கும் தங்கை அகிலாவுக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சியைக் கட்டிக்கொண்டு வந்து மூன்றே மாதமான கனகம் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். கொளஞ்சி பீஸ் கட்டினான். அவர்களுக்குப் பிள்ளை இல்லாததாலோ என்னவோ, அகிலாதான் அந்த வூட்டின் பிள்ளை. பி.எட். முடித்து டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். இருபத்தாறு வயதில் விருத்தாசலம் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. வருகிற தை மாதம் கல்யாணம் என்று முடிவானது.

ஐப்பசியில் அவளுக்குக் கடைவாய்ப் பல் குடைய ஆரம்பித்தது. தாடை வீங்கி, மூன்று நாள் கஞ்சிதான். எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் ஊசி என்றால் அகிலாவுக்கு உயிரே போய்விடும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த நாளில் சுவரேறிக் குதித்து ஓடிவந்தவள் அவள்.

மெயின் ரோட்டில் டாக்டர் அறிவழகனின் பல் ஆஸ்பத்திரி இருந்தது. வாசலில் பெரிய போர்டு: தூங்கிக்கொண்டே பல் எடுக்கலாம், வலியே தெரியாது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் கொளஞ்சி அதைப் பார்த்திருக்கிறான். அவன்தான் தங்கையிடம் சொன்னான்.

"தூங்கி எழுந்தா பல்லு கையில இருக்குமாம் பாப்பா. போய்ட்டு வந்துடு."

இந்த வார்த்தையை அவன் பிறகு எத்தனை ஆயிரம் தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை.

அவள் பல் எடுக்கப் போன அன்றைக்கு அவனுக்கு முதல் ஷிப்ட். கனகம்தான் கூடப் போனாள். பதினொன்றரை மணிக்கு அகிலாவை உள்ளே அழைத்தார்கள். போகும்போது, "அண்ணி, நான் ரொம்ப நேரம் தூங்கினா வந்து எழுப்பிடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. கனகம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே இருந்து டாக்டரின் குரல் வேறு மாதிரி கேட்டது.

"ஆக்சிஜன் சிலிண்டர் சாவி எங்க? சாவி எங்க மலர்?"

மலர்கொடி அங்கே உதவிக்கு நிற்கும் பெண். அவள் வெளியே ஓடிவந்து மேசை டிராயரை இழுத்தாள், மருந்து அலமாரியைத் திறந்தாள், திரும்பவும் டிராயரை இழுத்தாள். டாக்டர் வெளியே வந்தார். யாருக்கோ போன் போட்டு, "மச்சான், பேஷன்ட் மூச்சு விடல, கொஞ்சம் வர்றியா?" என்றார். அதைக் கேட்டுத்தான் கனகம் எழுந்து உள்ளே ஓடினாள். சாய்வு நாற்காலியில் கிடந்த அகிலாவின் உதடு நாவல் பழம் தின்றது போல இருந்தது. மூச்சுக் கொடுக்க அழுத்துகிற பை ஒன்று உறை பிரிக்கப்படாமல் அவள் மடி மேல் கிடந்தது. 108-க்குப் போன் செய்தது டாக்டர் இல்லை. பல் காட்ட வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். டவுன்ஷிப் பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து ஐந்து நிமிஷம்தான். வண்டி வந்தபோது மணி பன்னிரண்டே கால்.

கொளஞ்சி யூனிபாரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். கையெல்லாம் கரி. உயிர் போய்க் கிடந்த தங்கையின் முகத்தைத் தொட்டால் கறுப்பு ஒட்டிவிடுமே என்று தொடாமலே நின்றான். அந்த ஒரு யோசனைதான் அப்போது அவனுக்கு ஓடியது.

போலீஸ் வந்து, சந்தேக மரணம் என்று எழுதிக்கொண்டு போனது. டாக்டர் தரப்பில் நாலு பேர் வந்தார்கள். "ஒடம்புக்கு மருந்து ஒத்துக்கல. டாக்டர் சாரும் ஒடிஞ்சிதான் போயிருக்காரு. பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். கொளஞ்சி அவர்களை முடிக்க விடவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நாலு பேரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஊரே டாக்டர் சார் என்றாலும் அவன் வாயில் "அவன்" என்றுதான் வந்தது.

அகிலா செத்த பதினெட்டாம் நாள் மத்தியானம், வால்வு திறக்கிற பெரிய ஸ்பேனரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனான். காரியம் முடிந்த மறுநாளே அது திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தான். எங்கே அடிக்க வேண்டும் என்பதுகூட முடிவாகியிருந்தது: வலது கை. பல் பிடுங்குகிற கை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தான். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள் அறைக் கதவு திறந்திருந்தது. மூலையில் கறுப்பு சிலிண்டர். கழுத்தில் வெள்ளை. மேலே தூசி. அதன் தலையில் சாவி இல்லை. பக்கத்துச் சுவரிலும் தொங்கவில்லை.

போலீஸ் அதை எடுத்துப் போகவில்லை. டாக்டரும் தொடவில்லை. அகிலா செத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே நின்றுகொண்டிருந்தது.

கொளஞ்சி கதவைத் தள்ளவில்லை. அடித்தால் நாளைக்குப் பேப்பரில் டாக்டர் கட்டுப்போட்ட கையோடு படுத்திருப்பார், பாவம் என்பார்கள். அகிலாவை யாரும் நினைக்க மாட்டார்கள். 'இல்ல. இவன் எதால என் தங்கச்சியக் கொன்னானோ, அதாலயே இவன அடிக்கணும்' என்று நினைத்துக்கொண்டான். ஸ்பேனரைத் திரும்பச் சுற்றிக்கொண்டு வூட்டுக்கு வந்தான்.

எதால் கொன்றான் என்பது முழுசாகத் தெரிய வேண்டுமே. பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போனான். அரசு ஆஸ்பத்திரியில் தமயந்தி என்ற மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க மூன்று நாள் காத்திருந்தான். அந்த அம்மா முதலில் தயங்கினார். பிறகு ஆபரேஷன் உடுப்போடேயே படிக்கட்டில் உட்கார்ந்து விளக்கினார்.

"இது தூக்கம் இல்லீங்க. மருந்து கொஞ்சம் கூடினாலும் மூச்சு குறையும், நாக்கு பின்னால விழுந்து வழிய அடைக்கும். அதனால பல் எடுக்கிறவர் பல்லைப் பார்க்கணும். மூச்சைப் பார்க்கவே தனியா ஒரு ஆள் நிக்கணும். விரல்ல மாட்டுற மெஷின் கத்துச்சுன்னா உடனே என்னன்னு பார்க்கணும். ஆக்சிஜன், காத்து அழுத்துற பை, முகத்துக்குச் சரியான அளவு மாஸ்க், எச்சில் உறிஞ்சுற குழாய், மயக்கத்தைத் திருப்புற மருந்து, எல்லாம் கை எட்டுற தூரத்துல இருக்கணும். இருந்தா மட்டும் போதாது, மாசத்துக்கு ஒருதரமாவது ஒத்திகை பார்த்திருக்கணும்."

"எங்க சுரங்கத்துல மாக் ட்ரில்னு சொல்வோம்மா."

"அதேதான்." அவர் அறிக்கையை மடித்துக் கொடுத்தார். "ஒண்ணுமே இல்லாட்டியும், தாடையைத் தூக்கிப் பிடிச்சிருந்தாலே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா."

"சில பேருக்கு அதுவே போதும்ங்க."

பஸ்ஸில் வரும்போது கொளஞ்சி தன் தாடையைத் தானே தூக்கிப் பார்த்துக்கொண்டான். இரண்டு விரல் வேலை.

மறுநாள் முதல் அவன் வேலையை ஆரம்பித்தான். ஷிப்ட் முடிந்து வந்து குளிப்பான். சலவைச் சட்டை போடுவான். நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போல இருக்கிற டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவான். யாராவது தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தால் எழுந்து போய், குரல் உயர்த்தாமல் சொல்வான்:

"மயக்க ஊசி போடுறேன்னு சொன்னாங்கன்னா, சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்க. மூச்சு நின்னா யாரு என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. அவ்வளவுதான். என் தங்கச்சி இங்கதான் செத்தா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்துத்தான் சொல்வான். பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். உள்ளே போன சிலர் கேட்டே விட்டார்கள். கேள்வி கேட்கப்படும்போது டாக்டரின் முகம் எப்படிப் போகும் என்று கண்ணாடி வழியே பார்ப்பான். அதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது. பசித்தவன் சோற்றைப் பார்ப்பது மாதிரியான ருசி. கனகத்துக்கு அது பயமாக இருந்தது.

"ஏங்க, சிரிச்சிகினு வர்றீங்க. இன்னா ஆச்சு?"

"இன்னைக்கு ஆறு பேரு திரும்பிப் போய்ட்டாங்க."

டாக்டர் போலீசில் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் கொளஞ்சியைக் கூப்பிட்டு அதட்டினார். "நான் இன்னா சார் பொய் சொன்னேன்? ஆக்சிஜன் இருக்கான்னு கேக்கச் சொல்றேன். தப்பா?" என்றான். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே, "ரோட்டுக்கு அந்தப் பக்கமே இரு, உள்ள போகாத" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு மாலை டாக்டரே ரோட்டைத் தாண்டி வந்தார். அதற்குள் வாசலில் அந்தப் பெரிய போர்டு இல்லை, கழற்றியிருந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"நான் வேணும்னு செஞ்சேனா? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. போதும்ங்க, விட்டுடுங்க."

கொளஞ்சி டீ கிளாசைக் கீழே வைத்தான். "என் தங்கச்சி மூச்சு விடாம கெடந்தப்ப நீ மொதல்ல யாருக்குப் போன் போட்ட?"

டாக்டர் பின்னால் ஒரு எட்டு வைத்தார்.

"அதச் சொல்லு. எழுந்து போய்டறேன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். கொளஞ்சி எழுந்து போகவில்லை.

ஒரு வருஷம் அலைந்ததில், மருத்துவர்கள் கொண்ட விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அதன் கருத்து வந்தால்தான் போலீஸ் மேற்கொண்டு வழக்கை நகர்த்தும். கடலூரில் கூடிய அந்தக் குழுவுக்குத் தலைவர் டாக்டர் ராமசாமி. முடி முழுக்க நரைத்தவர், அதிகம் பேசாதவர். அறிவழகன் எழுதிக் கொடுத்த பதிலை வாசித்தார்கள். அவசரத்துக்குத் தேவையான எல்லாக் கருவிகளும் தயார் நிலையில் இருந்தன. பயிற்சி பெற்ற கைகளால் உடனடியாகப் பயன்படுத்தப்பட்டன. நோயாளியின் உடல் எதிர்பாராத விதமாக...

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கொளஞ்சியைக் கேட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான்ங்க ஐயா. எல்லாம் இருந்துச்சு, உடனே செஞ்சோம்னு எழுதியிருக்காரு. அத இப்ப செஞ்சு காட்டச் சொல்லுங்க."

அறிவழகன், "இதெல்லாம் என்ன சார்?" என்று எழுந்தார். ராமசாமி அவரை உட்காரச் சொன்னார். பிறகு பயிற்சிக் கூடத்திலிருந்து பொம்மையைக் கொண்டுவரச் சொன்னார். நர்ஸ் பிள்ளைகள் பழகுகிற ரப்பர் பொம்மை. காற்று அழுத்தும் பையை உறையோடு வைத்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் வைத்தார்கள். சாவியைப் பக்கத்து மேசையில் போட்டார்கள், கண்ணில் படுகிற இடத்தில்தான்.

"ஆரம்பிங்க டாக்டர்" என்று ராமசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அறிவழகன் உறையைப் பல்லால் கிழித்தார். மாஸ்க்கைத் தலைகீழாக வைத்தார். பையை அழுத்தினார், காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று போனது. பொம்மையின் நெஞ்சு எழவே இல்லை. தாடையைத் தூக்க அவருக்குத் தோன்றவில்லை. சிலிண்டரிடம் போய்த் தலையைத் திருகிப் பார்த்தார். சாவியைத் தேடினார். மேசையில் இருந்த சாவி அவர் கண்ணில் படவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று நிமிஷம் தாண்டியது.

"போதும், நிறுத்துங்க" என்றார் ராமசாமி.

"இன்னும் ரெண்டு நிமிஷம் விடுங்க ஐயா" என்றான் கொளஞ்சி. "என் தங்கச்சிக்கு யாரும் கடிகாரத்த நிறுத்தலையே."

யாரும் நிறுத்தவில்லை. அந்த இரண்டு நிமிஷமும் அறிவழகன் பையை அழுத்திக்கொண்டே இருந்தார், நெஞ்சு எழாமலே. கொளஞ்சி கண் கொட்டாமல் பார்த்தான். இவ்வளவு நாளும் அவன் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் வாந்தி எடுத்தான். இவன் கையில்தான் அகிலா கிடந்தாள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்திருந்தான்.

அலட்சியம் என்று குழு எழுதிக் கொடுத்தது. குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஆறு மாதம் தொழில் செய்யத் தடையும் வந்தது. அந்த ஆறு மாதமும் பூட்டிய ஷட்டரைப் பார்த்துக்கொண்டு கொளஞ்சி டீ குடித்தான்.

தடை முடிந்து ஆஸ்பத்திரி திறந்தது. அவனும் பழையபடி பெஞ்சுக்கு வந்தான். இப்போது உள்ளே சிலிண்டர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. சாவி சங்கிலி போட்டு அதன் கழுத்திலேயே தொங்கியது. சிவப்பு டிராலி ஒன்று வந்திருந்தது. கொளஞ்சிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எல்லாம் கோர்ட்டுக்குக் காட்ட வைத்த பொம்மைக் கொலு என்று நினைத்தான். ஒருநாள் திரும்பவும் மாட்டுவான், அன்றைக்கு ஊரே பார்க்கட்டும் என்று காத்திருந்தான். இன்னொரு உயிர் போக வேண்டும் என்றா காத்திருந்தான்? அப்படி அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பங்குனியில் ஒரு சாயங்காலம், பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரி ஒருவர் பல் காட்ட வந்தார். அறுபது வயசிருக்கும். மரத்துப்போகிற ஊசி போட்டதும் நாற்காலியில் சரிந்தார். உள்ளே சத்தம் கேட்டு கொளஞ்சி எழுந்துவிட்டான். ரோட்டைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவெல்லாம் மறந்து கண்ணாடியில் முகத்தை வைத்தான்.

நாற்காலி தட்டையாகச் சாய்ந்தது. மலர்கொடி ஒரே எட்டில் தலைமாட்டுக்கு வந்து தாடையைத் தூக்கிப் பிடித்தாள். வரவேற்பில் இருந்த பெண் ஏற்கெனவே 108-க்குப் பேசிக்கொண்டிருந்தாள். டாக்டர் சாவியைத் திருப்பினார், மாஸ்க் முகத்தில் பொருந்தியது, நெஞ்சு எழுந்தது. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. வண்டி வருவதற்குள் பெரியவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

வண்டி போன பிறகு மலர்கொடி வெளியே வந்தாள். கொளஞ்சி இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டான்.

"மாஸ்க் வைக்கவா? அரை நிமிஷம் இருக்கும்ண்ணா. நாங்க இப்ப செவ்வாக்கிழமை தோறும் பழகுறோம்."

அரை நிமிஷம். கொளஞ்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெரியவர் பிழைத்ததில் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. ஒரு சங்கிலி, செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்ச நேரம், இவ்வளவுதானா? இவ்வளவைச் செய்ய முடிந்தவன்தான் அன்றைக்குச் செய்யாமல் இருந்தான். இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் இதுவரை இருந்த கோபம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

"அரை நிமிஷம்" என்றான் மலர்கொடியிடம். "அவளுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் இருந்துச்சு."

அவள் அழத் தொடங்கினாள். அன்றைக்குப் போலீசில் அவள் சொன்னது வேறு. எல்லாம் சரியாக நடந்தது என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்காகவே கொளஞ்சி அவளையும் விடக்கூடாதவர்கள் பட்டியலில் வைத்திருந்தான். அழட்டும் என்று சும்மா இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "கோர்ட்டுல என்னைக் கூப்பிடச் சொல்லுங்கண்ணா. நடந்ததைச் சொல்றேன்."

மலர்கொடி வேலையை விட்டாள். ஆனி மாதம் நெய்வேலி கோர்ட்டில் கூண்டில் ஏறினாள். மயக்க ஊசி போட்ட பிறகு விரலில் மாட்டிய மெஷின் கத்தியது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது, அணை என்று டாக்டர் சொன்னார். அணைத்தது நான்தான் என்றாள். சாவி எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை, எனக்கும் தெரியாது என்றாள். கனகம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மெஷின் கத்தியதும் அதை அணைத்ததும் அதுவரை அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணைக் கொளஞ்சி மன்னிக்கவில்லை. ஆனால் இறங்கி வந்தவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

டாக்டருக்கு ஒரு வருஷம் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கே ஜாமீனும் கிடைத்தது. படியிறங்கும்போது அவர் கூட்டத்தில் கொளஞ்சியைத் தேடினார். கொளஞ்சி ஒளியவில்லை. எதிரிலேயே நின்று, அவர் தலையைக் குனியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மாதமே ஆஸ்பத்திரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அறிவழகன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். சாப்பிட உட்கார்ந்தபோது கனகம் கேட்டாள்.

"ஓட வெச்சிட்டீங்க. போதும் இல்ல?"

"போதல."

"இன்னும் இன்னாதான் வேணும் உங்களுக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். வேண்டியதைக் கொடுக்க யாராலும் முடியாது என்பது அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும், டாக்டர் போட்டிருந்த மேல்முறையீடு கடலூரில் எந்தத் தேதிக்கு வருகிறது என்று வக்கீலிடம் போனில் கேட்டுக்கொண்டான். மறுநாள் ஷிப்டுக்குப் போனதும் அந்தத் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தான்.